மூன்று சைபீரியக் குளிர்காலங்களில் வாலென்கி: அணிந்தும் பேணியும் அறிந்தவை

நோவோசிபிர்ஸ்க் நகருக்குப் பணி நிமித்தம் வந்து நான்கு குளிர்காலங்கள் ஆகிவிட்டன. முதல் குளிர்காலத்தை, பனிமலை ஏறுவோருக்கானது என்று சொல்லி விற்கப்பட்ட, செயற்கை இழை உள்ளுறை வைத்த பூட்ஸில் கழித்தேன். அதற்குக் கொடுத்த விலை மிக அதிகம்; ஆனாலும் பேருந்து நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்றால் விரல்கள் மரத்துப்போகாத நாள் ஒன்றுகூட இல்லை. அடுத்த மூன்று குளிர்காலங்களை வாலென்கி அணிந்து கழித்தேன். ஆட்டுக் கம்பளியை மட்டும் கொண்டு, தையலே இல்லாமல் ஒரே துண்டாக உருவாக்கப்படும் இந்த ரஷ்ய பூட்ஸ், உலர்ந்த கடுங்குளிருக்கு நான் அணிந்தவற்றிலேயே மிகச் சிறந்தது என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் கடையில் வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டால் போதும் என்ற பொருள் அன்று இது. ஈரத்திலிருந்து காப்பதும், முறையாக உலர்த்துவதும், தேய்ந்த அடியைத் தைத்துக்கொள்வதும் சேர்ந்துதான் வாலென்கி. அந்தப் பராமரிப்பைச் செய்ய மனம் இல்லாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்கச் சைபீரிய நகரங்களுக்கு வரும் மாணவர்களை மனத்தில் வைத்தே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். எதை வாங்குவது என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை.

வாலென்கி என்ற பெயர், கம்பளியை உருட்டி அழுத்திக் கெட்டிப்படுத்துவதைக் குறிக்கும் ரஷ்ய வினைச்சொல்லிலிருந்து வந்தது. சைபீரியாவில் முதியவர்கள் இதைப் பிமி என்றும், செய்பவரைப் பிமோகாத் என்றும் சொல்கிறார்கள். நெய்வதும் இல்லை, பின்னுவதும் இல்லை. ஆட்டு மயிரின் ஒவ்வோர் இழையின் மேலும் மீன் செதில் போன்ற மிக நுண்ணிய அடுக்குகள் உண்டு. வெந்நீரும் சூடும் அவற்றை விரியச் செய்ய, இடைவிடாத உருட்டலும் அழுத்தமும் இழைகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துப் பிணைத்துவிடுகின்றன. பிறகு அவற்றைப் பிரிக்க முடியாது. கம்பளிச் சட்டையைத் தெரியாமல் கொதிநீரில் துவைத்து, அது குழந்தையின் சட்டை அளவுக்குச் சுருங்கிப்போனதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே விபத்தாக நேர்வதை இங்கே ஒரு கைவினைஞர் அளவறிந்து செய்கிறார்.

என் முதல் ஜோடியைச் செய்து கொடுத்தவர், ஓப் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் தந்தையிடமிருந்து இத்தொழிலைக் கற்ற முதியவர். அவர் வேலை செய்வதை ஒரு பகல் முழுவதும் உடனிருந்து பார்த்தேன். கோதிய கம்பளியை மேசையில் அடுக்கடுக்காகப் பரப்பி, பாதமும் குதிகாலும் வரும் இடங்களில் கூடுதல் கனம் வைத்து, முதலில் ஒரு பெரிய காலுறை போன்ற உருவத்தைச் செய்துகொள்கிறார். அது வேண்டிய அளவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கிறது. யானைக்கால் நுழையும்போல் தோன்றிய அந்தத் தளர்ந்த பை என் காலுக்கானது என்று அவர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு அதை வெந்நீரில் தோய்த்து, வரிப்பள்ளம் வெட்டிய மரக்கட்டையின் மேல் உருட்டுகிறார், மடித்து மறுபடி உருட்டுகிறார், இரும்புக் கோலால் அழுத்துகிறார். மணிக்கணக்கில் இது தொடரத் தொடர அந்தப் பை சுருங்கித் தடிக்கிறது. இறுதியில் பாத வடிவ மரக்கட்டையை உள்ளே அடித்து இறக்கி, சூடான அறையில் காயவைத்து, வெளியே நீட்டி நிற்கும் மயிரை நுரைக்கல்லால் தேய்த்து எடுத்துவிடுகிறார். அவருடைய உள்ளங்கைகள் அந்த நுரைக்கல்லைப் போலவே இருந்தன.

கம்பளியை இவ்வாறு கெட்டிப்படுத்தும் அறிவு இந்த நிலப்பரப்பில் மிகப் பழையது. அல்தாய் மலையில் பசிரிக் என்னுமிடத்துப் பண்டைய புதைமேடுகளில் கிடைத்த, 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஃபெல்ட் (இவ்வாறு கெட்டிப்படுத்திய கம்பளி) விரிப்பு இன்று சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் முழங்கால் வரை உயர்ந்த, தையலற்ற இன்றைய வாலென்கி 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. ரஷ்யாவின் தத்தாரிஸ்தான் பகுதியிலுள்ள குக்மோர் ஊரில் அந்நூற்றாண்டில் தொடங்கிய ஆலைத் தொழில் இன்றும் நடைபெறுகிறது. அதற்கு முன் ஓர் எளிய குடும்பத்தில் ஒரே ஒரு ஜோடி இருந்தாலே பெரிது என்றும், வெளியே போகிறவர் எவரோ அவர் அதை அணிந்துகொள்வார் என்றும் இங்கே சொல்வார்கள். 1941ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானியப் படையினர், இரும்பு ஆணிகள் அறைந்த, காலோடு ஒட்டிய தோல் பூட்ஸுடன் உறைபனியில் துன்புற்றபோது, சோவியத் செம்படையினருக்கு வாலென்கி வழங்கப்பட்டிருந்தது. ஆணி வழியே குளிர் நேராக உள்ளங்காலுக்கு ஏறும். இறுக்கமான தோலுக்குள் காற்றுக்கும் இடமில்லை. வாலென்கி இந்த இரண்டுக்கும் நேர்மாறானது.

என்னிடம் இப்போது இரண்டு ஜோடிகள் உள்ளன. முதலாவது, மேலே சொன்ன கைவினைஞர் செய்த சாம்பல் நிற ஜோடி; சாயம் ஏற்றாத கம்பளி; விலை 4,500 ரூபிள். இரண்டாவது, ஆலையில் செய்து, அடியில் ரப்பர் ஒட்டிய கறுப்பு ஜோடி. விலை 3,000 ரூபிள். இரண்டையும் மாறி மாறி அணிந்த பிறகு என் தீர்ப்பு தெளிவாக முதலாவதன் பக்கமே நிற்கிறது. அதற்கான காரணங்களைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கும்போது கண்ணைவிடக் கையை நம்ப வேண்டும். கையை உள்ளே விட்டு, மறு கையை வெளியே வைத்து, குதிகாலிலிருந்து மேல் விளிம்பு வரை தடவிக்கொண்டே வந்தால் கனம் எங்கே குறைகிறது என்று விரல்களுக்குத் தெரிந்துவிடும். மேல் தண்டு சற்று மெலிந்திருக்கலாம். பாதமும் குதிகாலும் மெலிந்திருக்கக் கூடாது. முன்பகுதியை அழுத்திவிட்டால் உடனே பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும். குழி விழுந்து அப்படியே நின்றால் அது சரியாக இறுகவில்லை, ஓராண்டில் தளர்ந்து தொங்கிவிடும். முகர்ந்தும் பார்க்க வேண்டும். ஆட்டு மயிரின் வாடை இருப்பது நல்லது. அமில நெடி வந்தால் தயங்குங்கள். ஆலைகளில் இழைகள் விரைந்து பிணைய நீர்த்த கந்தக அமிலம் சேர்ப்பது வழக்கம், அதைச் சரியாக அலசாத ஜோடி முதல் முறை நனைந்ததும் அறை முழுவதும் நாறும். கையால் செய்கிறவர்கள் வெந்நீரை மட்டும் பயன்படுத்துவதாகப் பெருமையோடு சொல்வதன் காரணம் இதுதான்.

அளவு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாலென்கியின் எண், பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது. நம் ஊரில் செருப்புக்குச் சொல்லும் எண்ணை இங்கே சொன்னால் கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது. என் பாதம் 24 சென்டிமீட்டர். நான் அணிவது 26. தடித்த கம்பளிக் காலுறையும் உள்ளே ஓர் ஃபெல்ட் அட்டையும் போட்ட பிறகும் விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். வெதுவெதுப்பைத் தருவது கம்பளி மட்டுமன்று, அதன் இழைகளுக்கிடையிலும் காலைச் சுற்றியும் அசையாமல் நிற்கும் காற்று. காலைக் கவ்விப் பிடிக்கும் வாலென்கி, எவ்வளவு நல்ல கம்பளியானாலும் பாதிப் பயனைத்தான் தரும்.

முதல் மூன்று வாரங்கள் இன்பமானவை என்று சொல்ல மாட்டேன். புதிய வாலென்கி மரக்குழாய் போல விறைத்திருக்கும். கணுக்கால் மடங்காது, படியிறங்கும்போது பக்கவாட்டில் கால் வைக்க வேண்டியிருந்தது, மேல் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை உராய்ந்து சிவக்கச் செய்தது. மரபான முறையில் செய்தவற்றில் இடது வலது என்ற வேறுபாடும் கிடையாது. முதல் சில நாட்கள் எதை எந்தக் காலில் அணிகிறீர்களோ அதற்கேற்ப அது வளைந்துகொள்ளும். ஆகவே உள்பக்கம் ஓர் அடையாளம் வைத்து, கடைசி வரை மாற்றாமல் அணிவது நல்லது. நான் தொடக்கத்தில் வீட்டுக்குள்ளேயே மாலைதோறும் ஒரு மணி நேரம் அணிந்து நடந்தேன். ஒரு மாதத்தில் கணுக்காலில் நிலையான மடிப்பு ஒன்று விழுந்தது. அதன் பிறகு அந்த ஜோடி வேறு எவருடைய காலுக்கும் பொருந்தாது; என் காலுக்கு மட்டுமே உரியதாகிவிட்டது.

இங்கே ஜனவரியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 17 டிகிரியை ஒட்டியது; மைனஸ் 30க்குக் கீழே இறங்கும் நாட்களும் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அத்தகைய ஒரு நாளில், மைனஸ் 34 டிகிரியில், உறைந்து கிடக்கும் ஓப் நீர்த்தேக்கத்தின் மேல் மீன் பிடிப்போருடன் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நின்றிருந்தேன். கன்னம் எரிந்தது, இமைகளில் பனி கட்டியது; பாதங்கள் மட்டும் அடுப்படியில் நிற்பதைப் போல இருந்தன. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரப்பதத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. செயற்கை பூட்ஸில் வியர்வை வெளியேற வழியின்றிக் காலுறையில் தங்கி, நின்றவுடன் குளிர்ந்துவிடுகிறது. என் முதல் குளிர்காலத் துன்பத்துக்குக் காரணம் அதுவே. வாலென்கி அந்த ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விட்டுவிடுகிறது. இறுகிய பனியின் மேல் அதன் கம்பளி அடி நன்றாகப் பற்றியும் நிற்கிறது. ஆனால் பனி மூடாத வெறும் பனிக்கட்டியில் வழுக்கும். அங்கே கவனம் வேண்டும்.

எல்லாப் புகழும் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும் வரையில்தான். மார்ச் மாதத்தில் பனி சேறாக உருகத் தொடங்கினாலோ, நகரத் தெருவில் உப்பு தூவி ஈரமாக்கியிருந்தாலோ, வாலென்கி பஞ்சுபோல் நீரைக் குடித்துவிடும். நனைந்த வாலென்கி கனக்கும், குளிரும், காயும்போது சுருங்கும். இதற்காகவே வாலென்கியின் மேல் கலோஷி என்னும் ரப்பர் உறையை மாட்டும் வழக்கம் வந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் 1860இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆலை கலோஷிகளைப் பெருமளவில் செய்து தள்ளியது. இப்போதும் அவை கடைகளில் கிடைக்கின்றன. வாலென்கி வாங்கும் அன்றே அதற்கு ஏற்ற கலோஷியையும் வாங்கிவிடுங்கள்; கையோடு வாலென்கியை எடுத்துச் சென்று மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் தளர்ந்த கலோஷி ஆழமான பனியில் கழன்று உள்ளேயே நின்றுவிடும்.

ஒட்டிய ரப்பர் அடி இருந்தால் கலோஷி எதற்கு என்று எண்ணித்தான் நான் இரண்டாவது ஜோடியை வாங்கினேன். நகரத்தில் அது வசதியானது என்பதை மறுக்க மாட்டேன். ஈர நடைபாதையில் அஞ்சாமல் நடக்கலாம், தோற்றமும் அலுவலகத்துக்கு ஏற்றது. ஆனால் பாதத்தின் அடியில் ஈரம் வெளியேறும் வழி நிரந்தரமாக அடைபட்டுவிடுகிறது. கலோஷியை வீட்டுக்குள் கழற்றிவிடலாம், இதைக் கழற்ற முடியாது. உள்ளங்கால் பகுதி ஒரே இரவில் காய்வதில்லை. கடுங்குளிரில் அந்த ரப்பர் கல்லாக இறுகி, பனிக்கட்டியில் கம்பளி அடியைவிட மோசமாக வழுக்கியது. இரண்டாம் குளிர்காலத்தின் நடுவில் வலது கால் வாலென்கியின் முன்பகுதியில் ஒட்டு விட்டுக்கொண்டது. அங்கே கம்பளியும் பசையால் இறுகிப்போயிருந்ததால் ஊசி இறங்கவில்லை, தைத்துச் சரிசெய்யவும் முடியவில்லை. விற்றவரிடம் கொண்டுபோனபோது புதிது வாங்கிக்கொள்ளச் சொன்னார். தைத்துத் தைத்து ஆண்டுக்கணக்கில் அணியத்தக்க ஒரு பொருளை, ஒரு பசை அடுக்கினால் எறிந்துவிடும் பொருளாக மாற்றியிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது.

பராமரிப்பில் முதன்மையானது வாசலில் தொடங்குகிறது. இங்குள்ள கிராம வீடுகளின் முகப்பில் ஒரு கட்டைத் துடைப்பம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். வீட்டைக் கூட்டுவதற்கு அன்று. வாலென்கியின் மேல் ஒட்டிய பனியை அடித்து உதறுவதற்கு. “பனியோடு வாலென்கியை உள்ளே கொண்டு வராதே மகளே, வெளியே அது தூசி, உள்ளே அது தண்ணீர்” என்று எதிர்வீட்டு மூதாட்டி முதல் வாரமே என்னைத் திருத்தினார். குளிரில் இருக்கும்வரை பனி உலர்ந்த பொடியாக உதிர்ந்துவிடும்; சூடான அறைக்குள் நுழைந்த சில நிமிடங்களில் உருகிக் கம்பளிக்குள் இறங்கிவிடும். கணுக்கால் மடிப்பையும் அடியையும் மறக்காமல் தட்ட வேண்டும். மேல் விளிம்பின் வழியே பனி உள்ளே விழாமலிருக்க, ஆழமான பனியில் நடக்கும்போது காற்சட்டையை வாலென்கிக்கு வெளியே விட்டுக்கொள்வது நலம்.

அடுத்தது உலர்த்துதல். இதில் நான் செய்த தவறு எனக்கு ஒரு பாடமாயிற்று. ஏப்ரல் தொடக்கத்தில் கலோஷி இல்லாமல் வெளியே போய், நன்றாக நனைந்த சாம்பல் ஜோடியை, மறுநாள் காலையில் தேவைப்படுமே என்ற அவசரத்தில் சன்னலடி வெப்பமூட்டியின் மேலேயே படுக்க வைத்துவிட்டேன். காலையில் ஒன்றின் முன்பகுதி சுருங்கி, ஓடுபோல இறுகி, விரல்கள் நுழைய மறுத்தன. ஈரமும் கடுஞ்சூடும் சேர்ந்தால் வாலென்கி செய்த அதே வேலை மறுபடி தொடங்கிவிடுகிறது என்பதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மூதாட்டி அதைக் கெண்டியிலிருந்து எழுந்த நீராவியில் காட்டி இளக்கி, உள்ளே மரக்கட்டையும் ஆப்பும் இறக்கி, மூன்று நாட்கள் அறைச் சூட்டிலேயே நிறுத்திவைத்தார். பெரும்பகுதி மீண்டது, சுண்டுவிரல் பக்கம் மட்டும் இன்றும் சற்று இறுக்கம். இப்போது நான் நனைந்த வாலென்கிக்குள் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, வெப்பமூட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி நிமிர்த்தி வைக்கிறேன். உள்ளட்டையைத் தனியே எடுத்து ஒவ்வோர் இரவும் காயவைக்கிறேன். இரண்டு நாட்கள் ஆனாலும் பொறுக்க வேண்டும். கறை பட்டால் காய்ந்த பிறகு கடினமான தூரிகையால் தேய்த்தாலே போதும், பெரும்பாலானவை உதிர்ந்துவிடும்; துவைப்பது என்ற பேச்சே கூடாது.

அடி தைத்தல் இந்தக் காலணியின் அழகான பகுதி என்பேன். வாலென்கியில் முதலில் தேய்வது குதிகாலின் அடியும் முன்பாத அடியும். ஓட்டை விழும்வரை காத்திராமல், மெலிந்தது தெரிந்தவுடன் கூடுதல் அடி ஒன்றைத் தைத்துவிட வேண்டும். அதற்கான ஃபெல்ட் கடையில் வாங்கப்படுவதில்லை. அணிந்து முடிந்த பழைய வாலென்கியின் தண்டிலிருந்து பாத வடிவில் வெட்டி எடுக்கப்படுகிறது. முனையில் கொக்கி உள்ள குத்தூசியால், மெழுகும் கீலும் ஏற்றிய லினன் நூலைக் கொண்டு, ஓரத்தைச் சுற்றி ஒரு வரிசையும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகச் சில வரிசைகளும் தைக்கிறார்கள். நூல் கம்பளிக்குள் புதைந்துவிடுவதால் தரையில் உராய்ந்து அறுவதில்லை. என் சாம்பல் ஜோடிக்கு இரண்டாம் ஆண்டு முடிவில் இவ்வாறு அடி தைத்தார்கள். தைத்த பிறகு புதிதாக இருந்ததைவிட வெதுவெதுப்பாகவும் உறுதியாகவும் இருக்கிறது. குதிகாலில் ஒரு தோல் துண்டையும் சேர்த்துத் தைக்கச் சொன்னால் இன்னும் நீடிக்கும்.

கோடையில் இதன் பகை அந்துப்பூச்சி. பூச்சியைவிட அதன் புழுதான் கம்பளியைத் தின்கிறது. அதிலும் வியர்வையும் அழுக்கும் படிந்த இடத்தையே முதலில் நாடும். ஆகவே பெட்டியில் வைப்பதற்கு முன் உள்ளும் புறமும் தூரிகையிட்டு, வெயிலிலும் காற்றிலும் ஓரிரு நாட்கள் காயவைப்பது எந்த மருந்தையும்விட முக்கியம். அந்துருண்டை போட்டால் பூச்சி வராது என்பது உண்மையே. ஆனால் அந்த நெடி அடுத்த ஜனவரி வரை கம்பளியை விட்டுப் போகாது, எனக்கு அது தலைவலியைத் தருகிறது. மூதாட்டியின் வீட்டு முறை வேறு. நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த பொலின் என்னும் கசப்புச் செடியைக் காயவைத்துக் கட்டி உள்ளே வைத்து, செய்தித்தாளில் இறுகச் சுற்றி, துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுகிறார். நான் இரண்டு கோடைகளாக அப்படியே செய்கிறேன், ஓட்டை எதுவும் விழவில்லை. மாதம் ஒருமுறை பையைத் திறந்து பார்ப்பதையும் வழக்கமாக வைத்திருக்கிறேன். ஐயம் தோன்றினால், கடுங்குளிர் வந்ததும் வாலென்கியை மாடத்தில் சில நாட்கள் விட்டுவைத்தால் புழுவும் முட்டையும் மடிந்துவிடும் என்பது இவ்வூரின் இலவச வசதி.

நகரத்துக்குள் மட்டும் புழங்குபவர், விடுதியிலிருந்து வகுப்புக்குப் பேருந்தில் செல்பவர், இதை ஒரே காலணியாகக் கொள்ள வேண்டாம். ஈரமான நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நீர் புகாத வேறு ஒரு ஜோடி அவசியம். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை, பனி காலடியில் கிறீச்சிடும் நாட்களுக்கு, ரப்பர் ஒட்டாத சாதாரண வாலென்கியும் தனிக் கலோஷியும் வாங்குங்கள்; செப்டம்பரிலேயே சொல்லிவைத்தால்தான் கைவினைஞர்களிடம் உங்கள் அளவில் கிடைக்கும். என் கறுப்பு ஜோடியின் ரப்பர் அடியைப் பிய்த்தெடுத்துவிட்டேன். அதன் தண்டு இரண்டும் நல்ல கனமாக, ஓட்டையின்றி இருக்கின்றன. சாம்பல் ஜோடிக்கு அடுத்த அடி அதிலிருந்துதான் வெட்டப்படப் போகிறது.